அன்னவாசல் பக்கம் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம், குடும்பத்தோடு போய் உட்கார எதில் ஆரம்பிப்பது?

செம்மண்காடு:

எல்லோருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் பக்கத்தில் அப்பா வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. செம்மண், இரண்டடிக்குக் கீழே கெட்டிச் சரளை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இருந்த எட்டுத் தென்னையில் ஆறு சாய்ந்துவிட்டது, அதோடு அப்பாவுக்கும் மனசு விட்டுப்போய் வெள்ளாமையை நிறுத்திவிட்டார். அவர் தவறி நான்கு வருடம் ஆகிறது. இப்போது பாதி நிலம் சீமைக்கருவேலம். தூர்ந்துபோன கிணறு ஒன்று, 380 அடியில் ஒரு போர், அதற்கான விவசாய மின் இணைப்பு, இவ்வளவுதான் மிச்சம்.

நானும் மனைவியும் திருப்பூரில் வேலை பார்க்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. ஊருக்கே போய்விட வேண்டும், சாப்பாட்டுக்கு வேண்டியதில் பெரும்பகுதியை நாமே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். கையில் 7 லட்சம் இருக்கிறது. மனைவிக்கும் சம்மதம், ஆனால் கழிப்பறை, குளியலறை இல்லாத இடத்தில் ஒரு நாள் கூட இருக்க முடியாது என்று சொல்லிவிட்டாள், அது நியாயம்தான்.

என் திட்டம் இது: முதலில் 600 சதுர அடியில் வீடு, அப்புறம் 2 மாடு, 10 ஆடு, 50 நாட்டுக்கோழி, அரை ஏக்கர் நெல், மீதியில் காய்கறியும் தென்னையும். வரிசை சரிதானா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கிளுவைவேலி:

தம்பி, வரிசையைத் திருப்பிப் போடுங்கள். தண்ணீர் எவ்வளவு என்று தெரியாமல் மாடு, ஆடு, நெல் என்று எதையும் முடிவு செய்ய முடியாது. "போரில் இரண்டு இஞ்ச் தண்ணீர் வருகிறது" என்று ஊரில் சொல்வதை நம்பிப் பணத்தை இறக்க வேண்டாம். நல்ல சித்திரை வெயிலில், விடியற்காலையில் ஒரு 200 லிட்டர் டிரம்மைக் குழாய்க்கு அடியில் வைத்து எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள். அதோடு நிறுத்தாதீர்கள், மோட்டாரை ஓடவிட்டு எவ்வளவு நேரத்தில் தண்ணீர் தீர்ந்து காற்று வாங்க ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்தில் திரும்பவும் ஓட்டிப் பாருங்கள். இரண்டாம் நாள் வருகிற தண்ணீர்தான் உங்கள் உண்மையான வருமானம்.

அதை வைத்துக் கணக்குப் போடலாம். நான்கு பேருக்குக் குளிக்க, குடிக்க, துவைக்க 600 லிட்டர். பத்துத் தென்னைக்குக் கோடையில் மரத்துக்கு 80 லிட்டர் வீதம் 800. முப்பது பழமரங்களுக்குச் சொட்டுநீரில் 600. ஐந்து சென்ட் காய்கறிக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஈரம் வேண்டுமென்றால் சுமார் 1000 லிட்டர். ஆக 3000 லிட்டரில் குடும்பம் நடந்துவிடும். நெல்லுக்கு வாருங்கள், ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 10 மில்லிமீட்டர் என்றாலே 40,000 லிட்டர், அரை ஏக்கருக்கு 20,000. உங்கள் பக்கத்துப் பாறை நிலத்துப் போர் அதைத் தாங்காது. நெல்லை விட்டுவிட்டு ஐப்பசி மழையை நம்பி வரகு, குதிரைவாலி, உளுந்து போடுங்கள், ஒரு 30 சென்டில் கடலை போடுங்கள். 100 கிலோ காய்ந்த காய் உடைத்தால் 70 கிலோ பருப்பு, செக்கில் ஆட்டினால் 28 கிலோ எண்ணெய் பக்கம் கிடைக்கும். வீட்டுச் சமையலுக்கு அது பல மாதம் வரும்.

அடுத்தது வேலி. ஒன்றரை ஏக்கரைச் சுற்றி எப்படியும் ஆயிரம் அடிக்கு மேல் வரும். கல்தூண் நட்டுக் கம்பி வலை கட்டினால் இரண்டு லட்சத்துக்கு மேல் இழுக்கும். நான் காங்கேயம் பக்கம், எங்கள் கொறங்காட்டுக்கெல்லாம், அதாவது மேய்ச்சல் காட்டுக்கெல்லாம், கிளுவை மரம்தான் வேலி. பெருவிரல் பருமனில் நான்கடிக் குச்சியாக வெட்டி, அரையடி இடைவெளியில் மழைக்கு முன்னால் ஊன்றினால் மூன்று வருடத்தில் ஆடு நுழையாத சுவராகிவிடும். அதுவரை பழைய முள்ளை வெட்டிப் படல் போட்டுக் காப்பாற்ற வேண்டும், அதில் சலிப்புப் படக்கூடாது.

சீமைக்கருவேலத்தை மேலாக வெட்டிவிட்டுப் போனால் ஒரே மழையில் தழைத்துவிடும். ஜேசிபி வைத்து வேரோடு தூரைப் பறிக்க வேண்டும். விறகைக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்குக் கொடுத்தால் வண்டி வாடகையில் ஒரு பங்கு திரும்பிவிடும். அப்புறம் ஆடிப் பதினெட்டுக்குப் பக்கத்தில் பலதானியம் விதையுங்கள். சோளம், கம்பு, தட்டை, உளுந்து, எள், ஆமணக்கு, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி எது கிடைத்தாலும் கலந்து வீசி, பூவெடுக்கிற நேரத்தில், அதாவது 45 நாளிலிருந்து 60 நாளுக்குள், மடக்கி உழுதுவிடுங்கள். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொல்லிப் போனது இதைத்தான். அவருடைய வானகம் பண்ணை கடவூரில் இருக்கிறது, கரூர் மாவட்டம்தான், ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கத்திரித்தோட்டம்:

அண்ணா சொல்லும் தண்ணீர்க் கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வரிசையில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது. ஆள் தங்காத நிலத்தில் எதுவும் நிற்காது தம்பி. நாங்கள் ஒட்டன்சத்திரம் பக்கம் நிலம் வாங்கி, பதினான்கு மாதம் மதுரையிலிருந்து சனி ஞாயிறு மட்டும் போய்வந்தோம். 60 கன்று வைத்தோம், 11 தான் தப்பியது. ஒரு வாரம் அணில் சொட்டுநீர்க் குழாயைக் கடித்துவிட்டது, தண்ணீர் முழுக்க ஒரே இடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது, கடைசி வரிசை காய்ந்து கிடந்ததைச் சனிக்கிழமைதான் பார்த்தோம். பக்கத்தில் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

அதனால் 600 சதுர அடி வீடு இப்போது வேண்டாம், ஆனால் பத்துக்குப் பதினாறில் ஓட்டுக்கூரை போட்டு ஓர் அறை, அதை ஒட்டிக் குளியலறை, கழிப்பறை. உங்கள் வீட்டுக்காரம்மா கேட்டது முதல் வருடத்திலேயே வேண்டும். பின்னால் வீடு கட்டினால் இந்த அறை தானியம் வைக்க ஆகும். விவசாய மின் இணைப்பிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்காதீர்கள், அது கூடாது, வீட்டுக்குத் தனி இணைப்பு எழுதிக் கொடுங்கள்.

ஐம்பது கோழி என்றதும் எனக்குப் பகீரென்றது. ஒரு சேவல், ஐந்து பெட்டையோடு ஆரம்பியுங்கள். 26 கோழி இருந்த எங்கள் வீட்டில் ஒரு பங்குனியில், சாயங்காலம் ஒரு பெட்டை இறகைத் தொங்கவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருந்தது. வெயில் என்று நினைத்துத் தண்ணீர் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் நாலு கோழி கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றின. நான்கே நாளில் 23 போய்விட்டது. வெள்ளைக்கழிச்சல் நோய். பிள்ளைகள் பெயர் வைத்து வளர்த்த கோழிகள் அவை, இன்றும் அந்த மூலையைப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா சொட்டு, எட்டாவது வாரம் ஆர்டிவிகே ஊசி, இரண்டும் அந்த நோய்க்கான தடுப்பு மருந்து, இதைக் காலண்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை இலவசமாக முகாம் போடுவார்கள், அதையும் விடாதீர்கள்.

மாடு மூன்றாவது வருடம். தீவனத்தை விலைக்கு வாங்கி மாடு வளர்த்தால் பால் காசு தீவனக் கடைக்கே போய்விடும். முதலில் வரப்போரம் அகத்தி, கிளரிசிடியா, வேலிமசால் வளரட்டும்.

இன்னொன்று, தரையில் படுக்க வேண்டாம். கட்டுவிரியன் ராத்திரியில் பாய்க்கே வந்துவிடும், கடித்தது கூடப் பல நேரம் தெரியாது. கட்டில், கொசுவலை, இரவில் டார்ச், புல்லில் நடக்க ரப்பர் பூட்ஸ். பாம்புக்கடி மருந்து இருக்கிற அரசு மருத்துவமனை எது, எத்தனை நிமிடத்தில் போகலாம் என்று குடி போவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய_சர்வேயர்:

பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அப்பா பெயரிலேயே இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை முடியுங்கள். வாரிசுச் சான்று வாங்கி, உடன்பிறந்தவர்கள் இருந்தால் பாகப்பிரிவினையோ, அவர்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிவு செய்து, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க வேண்டும். புலப்படத்தை, அதாவது சர்வே வரைபடத்தை வைத்து நான்கு மூலையும் அளந்து கல் நட்ட பிறகு வேலி போடுங்கள். வண்டிப்பாதை காகிதத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், "காலங்காலமாகப் போகிறோம்" என்பதை மட்டும் நம்பினால் பக்கத்து நிலம் கைமாறும்போது தகராறு வரலாம். பட்டா உங்கள் பெயரில் இருந்தால் சிறு, குறு விவசாயி சான்று வாங்குவது எளிது, அது இருந்தால் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம், இல்லாவிட்டால் 75 தான். கண்மாய் வண்டல் எடுக்கத் தாசில்தாரிடம் அனுமதி கேட்கவும் நில ஆவணம் வேண்டும். உங்கள் சரளை நிலத்துக்கு வண்டல் அவசியம்.

செம்மண்காடு:

எல்லோருக்கும் நன்றி. போன வாரம் ஊருக்குப் போய் டிரம் வைத்துப் பார்த்தோம், மகள்தான் கடிகாரம் பார்த்தாள். 200 லிட்டர் சரியாக ஐந்து நிமிடத்தில் நிரம்பியது. ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் காற்று வாங்கியது. மறுநாளும் கிட்டத்தட்ட அதேதான். அப்படியானால் ஒரு நாளைக்கு 4400 லிட்டர். நெல்லை விட்டுவிட்டோம். பட்டா அப்பா பெயரில்தான் இருக்கிறது ஐயா, தங்கையிடம் பேசிவிட்டேன், அடுத்த வாரம் விண்ணப்பம் கொடுக்கிறோம். அறையும் கழிப்பறையும் புரட்டாசிக்குள் முடித்துவிட்டு, மனைவியும் பிள்ளைகளும் முழுப் பரீட்சை முடிந்து வருவதாக, நான் முன்னால் போய்த் தங்குவதாக முடிவு செய்திருக்கிறோம்.

அக்கா, ஒரே ஒரு சந்தேகம். போன இடத்தில் ஒரே நேரத்தில் பதினேழு மயில் எண்ணினோம். கடலை போட்டால் விட்டுவைக்குமா?

கத்திரித்தோட்டம்:

விடாது தம்பி. விதைத்த அன்றே கிளறிவிடும், முளைத்ததும் பருப்பைப் பிடுங்கும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காப்பு இருக்கிற பறவை, மருந்து வைப்பது, கண்ணி வைப்பது எதுவும் நினைக்கவே கூடாது. காய்கறிப் பாத்திக்கு மேலே வலை போட்டுவிடுங்கள். கடலைக்கு விதைத்த நாளிலிருந்து பதினைந்து நாள் காலை ஆறு முதல் ஒன்பது வரை, சாயங்காலம் நாலு முதல் இருட்டும் வரை ஒருவர் காட்டில் நடமாடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாய்க்குட்டியை இப்போதே வாங்கி உங்களோடு பழக்குங்கள், விதைப்புக்குள் குரைக்கிற வயதுக்கு வந்துவிடும்.