வீடு மாத்தப் போறோம், எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?

கேட்டவர்: மாடிப்படி

மாசக் கடைசியில வீடு மாறுறோம். ரெண்டு சின்னப் பசங்க, முழங்கால் வலியோட மாமியார். வீட்டுக்காரர் "முதல் நாள் ராத்திரி உட்கார்ந்தா முடிஞ்சிடும்"ங்கிறார். எனக்கு அலமாரியைத் திறந்தாலே மலைப்பா இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்களேன்.

சும்மாஇரு

பேக்கிங் ஆளுங்ககிட்ட மொத்தமா விட்டுடுங்க. நிம்மதி.

மாற்றல்வாசி

ஆளுங்க வந்தாலும், எது வரணும் எது வேண்டாம்னு நீங்கதானே சொல்லணும்? விட்டா குப்பைக்கூடையைக் குப்பையோட சேர்த்துக் கட்டிடுவாங்க.

எங்க வீட்டுக்காரருக்கு மாற்றல் வேலை, அதனால இதுல எனக்குக் கொஞ்சம் பழக்கம். வண்டி வர்ற அன்னிக்கு ஆளைக் களைச்சுப் போக வைக்கிறது தூக்குற வேலையே இல்லைம்மா. "இது எங்க? அது வேணுமா?"ன்னு நாலு பேர் ஒரே நேரத்துல கேட்பாங்க பாருங்க, அதுதான். அந்தக் கேள்விக்கெல்லாம் இப்பவே பதில் முடிவு பண்ணி வைங்க.

பரண்ல ஆரம்பிங்க, சமையலறை கடைசி. பரண்ல இருக்கிறதை இறக்கினதும் பாதி அங்கேயே கழிஞ்சிடும். போன தடவை கட்டினது பிரிக்காமலே கிடந்தா, யோசிக்காம யாருக்காவது கொடுத்துடுங்க.

புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி. பெரிசுல அடுக்கினா அடி பிய்ஞ்சுடும். தலையணை, போர்வைக்குப் பெரிய பெட்டி. தட்டுகளைப் படுக்க வெச்சு அடுக்காதீங்க, ஒவ்வொண்ணையும் காகிதத்துல சுத்தி நிக்க வெச்சு அடுக்குங்க. அடியில பழைய துண்டை மடிச்சுப் போட்டுட்டா அதிர்ச்சி தெரியாது.

பெட்டி மேல எழுதாதீங்க! அடுத்த பெட்டியை மேல வெச்சதும் எழுத்து மறைஞ்சிடும். பக்கவாட்டுல, அது போக வேண்டிய அறையோட பேரைப் பெரிசா எழுதுங்க. புது வீட்டுல அதே பேரைக் கதவுல ஒட்டிடுங்க. தூக்கிட்டு வர்றவர் உங்களைக் கேட்கவே மாட்டார்.

கட்டில் ஸ்க்ரூவையெல்லாம் ஒரு பையில போட்டு அந்தக் கட்டில் சட்டத்துலயே டேப் அடிச்சுடுங்க. "பத்திரமா" தனியா எடுத்து வெச்சா அவ்வளவுதான். டிவி வயரைப் பிடுங்குறதுக்கு முன்னாடி பின்பக்கத்தை ஒரு போட்டோ.

மாமியாரோட மாத்திரை, பத்திரங்கள், நகை, சார்ஜர், ஆளுக்கு ஒரு மாத்துத்துணி, கத்தரிக்கோல் எல்லாம் ஒரே பையில உங்க கூடவே வரட்டும், லாரியில ஏறக் கூடாது. அங்க போய் முதல்ல படுக்கையைப் போடுங்க. மத்த பெட்டியெல்லாம் காத்திருக்கும், பசங்க தூக்கம் காத்திருக்காது.

ஸ்பேனர்

அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க, மெஷின் சமாச்சாரம் மட்டும் நான். ஃப்ரிட்ஜை முந்தின நாளே ஆஃப் பண்ணிக் கதவைத் திறந்து வைங்க, ஐஸ் உருகித் தண்ணி வடியட்டும். நிக்க வெச்சே கொண்டு போகணும். வழியில்லாம சாய்ச்சுட்டா, போனதும் ஆன் பண்ணிடாதீங்க. கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள்ள ஏறியிருக்கும், அது இறங்கச் சில மணி நேரமாவது நிக்கணும்.

பெரிய அலமாரி, சோஃபா இருந்தா புது வீட்டு வாசலையும் படி திருப்பத்தையும் இப்பவே டேப் வெச்சு அளந்துடுங்க. வாஷிங் மெஷின் ஃப்ரண்ட் லோடா?

மாடிப்படி

ஆமாங்க, ஃப்ரண்ட் லோட். வாங்கினப்ப பின்னாடி நீளமா போல்ட் கழட்டினாங்க, அதையா கேட்கறீங்க? எங்கேயோ இருக்கணும். அக்கா, பரண்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன், இவர் தலையிலதான் அந்த வேலை :)

ஸ்பேனர்

அதேதான். தேடி எடுத்து மாட்டிடுங்க, இல்லைன்னா வழியெல்லாம் டிரம் ஆடி உள்ள அடிவாங்கும். கிடைக்கலைன்னா அதே மாடலுக்கு சர்வீஸ்ல கேளுங்க. ஃபில்டரைத் திறந்து மிச்சத் தண்ணியையும் வடிச்சுடுங்க. அங்க போனதும் போல்ட்டைக் கழட்டாம மட்டும் ஓட்டிடாதீங்க, மெஷின் அதிர்ந்து இடத்தை விட்டு நடக்க ஆரம்பிச்சிடும்.