எல்லாமே தண்ணீர் என்ற தேலேஸ்: இதில் என்ன பெரிய விஷயம்?

மரவாடிக் கணக்கன், மோல்மீன்:

பர்மாவில், மோல்மீனில் ஒரு மரவாடியில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் எடுக்கிறேன். போன வாரம் பெரிய பையன்களுக்குக் கிரேக்க அறிஞர்களைப் பற்றி வாசித்துக் காட்டினேன். கி.மு. 6ஆம் நூற்றாண்டு, மிலேட்டஸ் ஊர்க்காரர் தேலேஸ். எல்லாமே நீரிலிருந்து வந்தது, பூமி நீரின்மேல் கட்டை போல மிதக்கிறது என்றாராம்.

ஒரு பையன் உடனே, "பச்சைத் தேக்கு முழுகிப்போகுமே, சயா" என்றான். சயா என்றால் பர்மிய மொழியில் வாத்தியார். அவன் அப்பா மரம் அறுக்கிறவர். உண்மைதான். அடிமரத்தைச் சுற்றி வெட்டி, இரண்டு மூன்று வருஷம் நின்றபடியே காயவிட்டு, அப்புறம் சாய்த்துத்தான் ஆற்றில் விடுவார்கள்.

என் சந்தேகம் வேறு. நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் என்று நம்மவர்கள் ஐந்து சொன்னார்கள். இவர் ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட்டு, அதுவும் தப்பாகச் சொல்லிவிட்டு, தத்துவத்துக்கே முதல் ஆள் என்று பெயர் வாங்கியது எப்படி?

பழைய வாத்தியார், இரங்கூன்:

தம்பி, தேலேஸ் எழுதியதில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை. இருநூறு வருஷத்துக்கும் மேல் கழித்து வந்த அரிஸ்டாட்டில் சொல்லித்தான் இவ்வளவும் தெரிகிறது. அவரும், உணவில் ஈரம் இருக்கிறது, விதையில் ஈரம் இருக்கிறது, அதைப் பார்த்துச் சொல்லியிருப்பார் என்று ஊகம்தான் செய்கிறார்.

எனக்குச் சுவை அடுத்த ஆளிடம்தான். அதே மிலேட்டஸில் அனாக்சிமாண்டர். நீர்தான் எல்லையில்லாத மூலம் என்றால் அது தீயை என்றைக்கோ அணைத்து முடித்திருக்குமே என்ற வாதம் அவர் பக்கத்தது. அதனால் மூலம் நீருமில்லை, தீயுமில்லை. எல்லையற்ற ஏதோ ஒன்று, அபெய்ரோன் என்றார். பூமி எதன்மேலும் மிதக்கவில்லையாம். எல்லாப் பக்கமும் சம தூரத்தில் நடுவே இருப்பதால், இந்தப் பக்கம்தான் விழ வேண்டும் என்று அதற்கு ஒரு காரணமும் இல்லை, நின்றுவிட்டது. வடிவம் தூண்துண்டு போல, உயரம் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் வாடியில் பெரிய உருட்டைக் குறுக்கே அறுத்தால் விழுமே, அந்த மாதிரி.

பிறகு அனாக்சிமெனிஸ், காற்று என்றார். உதட்டைக் குவித்து ஊதினால் குளிர்கிறது, வாயைத் திறந்து ஊதினால் சுடுகிறது. ஆகவே காற்று நெருங்கினால் குளிர்ந்து மேகமாகி, நீராகி, மண்ணாகி, கல்லாகும், தளர்ந்தால் தீயாகும். அவர் சொன்ன காரணம் இன்றைக்கு நிற்காது, ஆனால் சோதனை உள்ளங்கையிலேயே இருக்கிறது. மூவரும் ஒரே ஊர், ஒருவர் சொன்னதை அடுத்தவர் பணிவாக விட்டுவைக்கவில்லை. தேலேஸுக்கு அந்தப் பெயர் அதனால்தான் வந்தது என்பேன்.

பெகுக்காரன்:

சயா, நம் பக்கத்திலும் யாரும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. கடவுள், மறுபிறவி எதையும் ஏற்காத உலோகாயதர் ஆகாயத்தைத் தள்ளிவிட்டு நான்கு பூதம் போதும் என்றார்கள். புலனுக்கு எட்டாததை ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று. சிசிலித் தீவின் எம்பெடோகிளிஸும் அதே நான்குதான். இதைப் பையன்களிடம் சொல்லாமல் விட்டால் கிரேக்கர்களுக்கு மட்டும்தான் மூளை இருந்தது என்று நினைத்துவிடுவார்கள்.

மரவாடிக் கணக்கன், மோல்மீன்:

இருவருக்கும் நன்றி. இந்த ஞாயிறு பையன்களைக் கையில் ஊதச் சொன்னேன். பத்து நிமிஷம் வகுப்பு முழுக்க ஒரே ஊதல்.

இன்னொன்றும் செய்தேன். காந்தத்துக்கும், மரப்பிசின் இறுகிக் கல் போல ஆன அம்பருக்கும் உயிர் உண்டு என்று தேலேஸ் சொன்னதாக ஒரு குறிப்பு இருக்கிறதல்லவா? வீட்டுக்காரியிடம் வட பர்மாவின் காச்சின் பக்கத்து அம்பர் மாலை ஒன்று உண்டு. கெஞ்சி வாங்கிப்போய், ஒரு மணியை லுங்கியில் பரபரவென்று தேய்த்து, காகிதத் துணுக்குகளுக்கு மேலே காட்டினேன். துள்ளி ஒட்டின. பையன்கள் கத்தியதில் பூசாரி எட்டிப் பார்த்தார்.

அந்தத் தேக்குப் பையன் சும்மா இருப்பானா? மணியைத் தண்ணீரில் முக்கி, ஈரத்தோடு தேய்த்தான். ஒன்றும் ஒட்டவில்லை. "எல்லாமே தண்ணீர் என்றாரே, சயா. தண்ணீர் பட்டதும் இதுக்கு மட்டும் ஏன் உயிர் போச்சு?" என்றான்.

அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று தப்பித்து வந்திருக்கிறேன். மின்சாரம் என்று ஆரம்பிக்காமல், தேலேஸே அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யாராவது சொல்லுங்களேன்.