‘எலி மாதிரி’ வேண்டாம், அண்ணாச்சி

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நம் கட்டுரையில் ‘மவுஸ் டிரான்ஸ்பிளான்ட் மாடல்’ என்பதற்குத் தமிழாக நீங்கள் முன்வைத்த ‘எலி மாதிரி’யைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுத்தேன். பத்தாம் வகுப்பு. “இரத்தக் குருத்தணு ஆய்வில் எலி மாதிரி பயன்படுகிறது” என்ற வரியைப் படித்துவிட்டு (குருத்தணு என்பது இரத்த அணுக்களையெல்லாம் பிறப்பிக்கும் ‘ஸ்டெம் செல்’), “எலி மாதிரி எது?” என்று கேட்டாள். போதாக்குறைக்கு இரத்த மாதிரி, மண் மாதிரி என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. அப்புறம், இந்த ஆய்வில் இருப்பது எலி அல்ல, சுண்டெலி.

என் யோசனை: ‘நடவுச் சுண்டெலி’.

இந்த ஆய்வில் சுண்டெலி நிலமாகத்தான் நிற்கிறது. 1961இல் டொராண்டோவில் டில், மெக்கல்லக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சுண்டெலிகளின் எலும்பு மஜ்ஜையைக் கதிர்வீச்சால் அழித்து, வேறு சுண்டெலியின் மஜ்ஜை அணுக்களை ஊசியில் ஏற்றினார்கள். சுமார் பத்து நாளில் அந்த அணுக்கள் மண்ணீரலில் பெருகிச் சிறு முடிச்சுகளாகத் தெரிந்தன. ஏற்றிய அணுக்கள் கூடக்கூட முடிச்சுகளும் கூடின. வயலை உழுது நாற்று நட்டுவிட்டுக் குத்து எண்ணுவது போலத்தான்.

செய்தித்தாள்கள் எழுதும் ‘மாற்று’ எனக்கு ஒட்டவில்லை. எதையும் கழற்றி மாட்டுவதில்லையே. ‘ஒட்டு’ம் சரிவராது. குலசேகரம் பக்கம் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறார்கள். இங்கே கட்டுவதற்கு ஒன்றுமில்லை. வால் சிரையில் ஏற்றிய அணுக்கள் தாமாகவே மஜ்ஜையைத் தேடிப் போய்க் குடியேறுகின்றன.

‘நடவு’ என்று வைத்தால் அடுத்த சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. நட்ட பயிர் பச்சை பிடித்ததா என்றுதானே நாஞ்சில் நாட்டில் கேட்போம்? ஏற்றிய அணுக்கள் தங்கிப் பெருகுவதை ‘பிடிப்பு’ என்போம். 2005இல் வெளியான என்எஸ்ஜி என்ற ஆய்வக வகைச் சுண்டெலியில் டி, பி, என்கே என்ற நோயெதிர்ப்பு அணுக்கள் மூன்றும் இல்லை. கிட்டத்தட்டக் காவலில்லாத வயல். அதனால் மனிதக் குருத்தணுகூடப் பிடிக்கிறது. ஆனால் முதல் சில வாரப் பச்சையை நம்பிவிட முடியாது. குறுகிய ஆயுள் கொண்ட அணுக்களும் அப்போது தலைகாட்டும். 16 வாரம் கழித்தும் மனித இரத்த அணுக்கள் வந்துகொண்டிருந்தால்தான் குருத்தணு பிடித்தது என்று கணக்கு. அம்பை 16 நெல் விளையும் காலம்! பிறகு அந்த மஜ்ஜையை இன்னொரு சுண்டெலிக்கு ஏற்றி அங்கும் பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதற்கு ‘மறுநடவு’.

நாகர்கோவிலிலிருந்து,
தம்பி

*

தம்பி,

‘மாதிரி’யை விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆனால் நடவையும் எலியையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் சுசீந்திரம் பக்கத்தில் பொறி வாங்கப் போய்விடுவார்கள். கட்டுரையில் முதலில் வரும் இடத்தில் ‘குருத்தணு நடவுச் சுண்டெலி’ என்று முழுசாக எழுதுவோம், பிறகு சுருக்கிக்கொள்ளலாம். ‘மறுநடவு’ சரி. ‘பிடிப்பு’ம் இருக்கட்டும், முதுகுப் பிடிப்பா என்று யாராவது கேட்டால் அப்போது பார்த்துக்கொள்வோம்.