வாசிப்புக் கூட்டத்துக்கு இனி நகைச்சுவை மட்டும்தானா?

மாடி வாசகி:
எங்கள் பகுதியில் மாதாமாதம் நடக்கும் வாசிப்புக் கூட்டத்துக்கு இனி நகைச்சுவை எழுதுபவர்களையும் சினிமா, தொடர், பாட்டு பற்றி எழுதுபவர்களையும் மட்டுமே அழைக்கப் போகிறார்களாம். கதைக்கும் கவிதைக்கும் கூட்டம் சேர்வதில்லை என்பது காரணம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. சிரிக்க எத்தனையோ மேடைகள் இருக்கின்றன. ஒரு கதையை எழுதியவர் குரலிலேயே கேட்க வேறு எங்கே போவது?

கடைசி வரிசை:
சிரிப்பு ஏதோ வெளியிலிருந்து உள்ளே நுழைந்துவிட்டது போலப் பேசுகிறீர்கள். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1858-இல் கட்டணம் வாங்கி மேடையில் வாசிப்பதைத் தொழிலாகவே தொடங்கினார். 1870 மார்ச் 15 அன்று லண்டனில் கடைசியாக வாசித்தபோது அவர் எடுத்துக்கொண்டவை இரண்டு: கிறிஸ்துமஸ் கதை ஒன்று, அப்புறம் தன்னுடைய பிக்விக் நாவலின் நீதிமன்றக் காட்சி. அந்தக் காட்சி முழுக்கச் சிரிப்புதான். விடைபெறும் நாளில் அதைத் தேர்ந்தெடுத்தவருக்கு இலக்கியம் தெரியாதா?

மாடி வாசகி:
அந்தக் காட்சி எழுதி 30 ஆண்டுகள் கழித்தும் நின்றதே, அதைத்தான் நானும் கேட்கிறேன். போன மாதம் வந்த தொடரைப் பற்றிய கட்டுரை அடுத்த வருடம் யாருக்குப் புரியும்? பார்க்காதவர்கள் இன்றைக்கே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஓரக்குறிப்பு:
பார்க்காதவருக்குப் புரியவில்லை என்றால் அது சரியாக எழுதப்படாத கட்டுரை. நல்ல கட்டுரையில் தொடர் ஒரு சாக்குதான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த வீடும் மனிதர்களும்தான் விஷயம்.

எனக்குக் கவலை வேறு. நகைச்சுவையைச் சத்தமாக வாசிப்பது ரொம்பக் கடினம். அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வைன் மேடையில் முதலில் புத்தகத்தைப் பார்த்து அப்படியே வாசித்தார், எடுபடவில்லை. அச்சில் இருந்த வாக்கியங்கள் பேச்சுக்கு விறைப்பாக இருந்தன. பிறகு மனதில் ஏற்றிக்கொண்டு, சொல்வது போலச் சொன்னார். இன்று நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதும் அமெரிக்கர் டேவிட் செடாரிஸ் அச்சுக்குப் போகாத கட்டுரைகளைப் பயணக் கூட்டங்களில் வாசித்து, எங்கே சிரிக்கிறார்கள், எங்கே இருமுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு திருத்துகிறார். நம் மாதிரிச் சின்னக் கூட்டத்தின் பெரிய பயனே அதுதான். முடிக்காத கட்டுரையோடு வரச் சொல்லுங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் போதும், அதற்கு மேல் சிரிப்பு களைத்துவிடும்.

கடைசி வரிசை:
இதை அப்படியே அமைப்பாளர்களுக்கு அனுப்புகிறேன்.

மாடி வாசகி:
முடிக்காததை வாசிப்பது கதைக்காரர்களுக்கும் உதவுமே, அவர்களை மட்டும் ஏன் வாசலில் நிறுத்த வேண்டும்? நான்கு பேர் வாசித்தால் ஒருவர் கதைக்காரராக இருக்கட்டும்.

கடைசி வரிசை:
சிரிப்பு எதிர்பார்த்து வந்தவர்கள் நடுவில் எழுந்து போவார்கள். புதிதாக வருகிற கூட்டத்தை அப்படி இழக்க எனக்கு மனமில்லை.

மாடி வாசகி:
நடுவில் வேண்டாம், முதலில் வையுங்கள். வந்து உட்கார்ந்ததும் காது புதிதாக இருக்கும். சிரிக்க வந்தவர்கள் அந்தப் பத்து நிமிடம் காத்திருப்பார்கள். இதற்கும் அமைப்பாளர்கள் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து கேட்பேன்.