மறுமொழி: பனியூர்தி குளிர்விப்புச் சுற்று: 'காற்று வடித்தல்' வேண்டாம், 'வளியகற்றல்' இடலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பயிற்சிக் கையேட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குத் தர வேண்டியிருப்பதால், பனியூர்தியின் (snowmobile) குளிர்விப்புச் சுற்றில் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலைக்கு நாம் பேசிவந்த சொற்களில் எதை இடப்போகிறேன் என்பதைக் காரணத்தோடு சொல்லிவிடுகிறேன்.

பனியூர்தியின் வெப்பமாற்றிகள் காரின் ரேடியேட்டரைப் போல முகப்பில் நிமிர்ந்து நிற்பதில்லை. நீர்மத்தால் குளிரும் பெரும்பாலான வண்டிகளில் அவை வண்டியை நகர்த்தும் ஓடுபட்டைக்கு மேலே நீளவாக்கில் படுத்துக் கிடக்கின்றன. பட்டை வாரியிறைக்கும் பனிதான் அவற்றைக் குளிர்விக்கிறது. அந்த நீண்ட வழியில் சிக்கிய காற்று எளிதில் வெளியேறாது. பம்பு நீர்மத்தைத் தள்ள முடியாமல் வெறுமனே சுழலும். என்ஜினின் தலைப்பகுதியில் சூடு ஏறும். வெப்ப உணரி குமிழிக்குள் அகப்பட்டால் காட்டும் அளவையும் நம்ப முடியாது. ஆகவே என்ஜின் ஆறிய பின், வண்டியின் முன்முனை, பின்முனை இரண்டில் அந்த மாடலுக்கு உரியதைத் தூக்கி நிறுத்தி, மேலே உள்ள சிறு திருகாணியைத் தளர்த்தி, சீறிக் கக்கும் நுரை அடங்கி நீர்மம் ஒரே இழையாக ஒழுகும்வரை காத்திருந்து இறுக்குகிறோம். பிறகு என்ஜினை ஓடவிட்டு, பின்பக்க வெப்பமாற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். அது சூடேறாமல் இருந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கக்கூடும்.

இதற்குப் பலரும் ஆதரித்த 'காற்று வடித்தல்' எனக்கு அச்சம் தருகிறது. சோற்றை வடித்தால் கஞ்சி போகிறது. வடித்தல் என்றவுடன் நீர்மம் கீழே இறங்குவதையே நம் மனம் காண்கிறது. சென்ற குளிர்காலத்தில் டொராண்டோ வகுப்பு ஒன்றுக்கு நான் எழுதிய தாளில் மேலே உள்ள அந்தத் திருகாணிக்கு 'வடிதிருகு' என்று இட்டிருந்தேன். அதை நம்பிய மாணவர் அடியிலிருந்த மரையைக் கழற்றிவிட, உறையாமல் காக்கும் கிளைக்கால் (glycol) கலந்த நீர்மம் முழுவதும் தரையில் ஓடியது. எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாய் நக்கினால் உயிருக்கே கேடு. அந்தத் தவறு மாணவருடையதன்று, என் சொல்லினுடையது.

பட்டறை அண்ணன் பரிந்துரைத்த 'காற்றெடுப்பு' உயிருள்ள சொல். பம்புசெட்டிலும் டீசல் என்ஜினிலும் 'ஏர் எடுக்கணும்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் என்ஜின் எரிப்புக்காகக் காற்றை உள்ளே எடுப்பதும் அதே கையேட்டில் வருகிறது. உள்ளே எடுப்பதற்கும் வெளியே எடுப்பதற்கும் ஒரே சொல் ஆகாது, அண்ணா.

புலவர் ஐயா, காற்றைக் குறிக்கும் 'வளி' என்பது 'வளை' என்பதோடு ஒரே வேரினது, சுழன்று வீசுவதால் வந்த பெயர் என்று நீங்கள் எழுதிய மூன்று பக்கங்களையும் மகிழ்ந்து படித்தேன். அதற்குச் சான்று போதாது என்றே இன்னும் எண்ணுகிறேன். ஆனால் 'வளி முதலா எண்ணிய மூன்று' என்ற குறளை நீங்கள் நினைவூட்டியது பொருத்தம்: உடலில் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் செய்யும் மூன்றில் முதலாவது அது. அதைவிட, 'வளி' வெறும் தனித்தமிழ்ச் சொல், யாருக்கும் புரியாது என்று இங்கே எழுந்த மறுப்பு இந்த வகுப்புக்குப் பொருந்தவில்லை. மாணவர்களில் பெரும்பாலோர் இலங்கையில் படித்தவர்கள். அங்கே அறிவியல் பாடநூலில் காற்றுக்கு வளி என்பதே வழக்கம். நமக்குப் பண்டிதச் சொல்லாகத் தோன்றுவது அவர்களுக்குப் பள்ளிக்கூடச் சொல்.

எனவே இந்த வேலைக்கு வளியகற்றல், மேலே உள்ள திருகாணிக்கு வளியகற்று திருகாணி, காற்று சிக்கி நீர்மம் தடைபடுவதற்கு வளியடைப்பு என்று இடுகிறேன். நீர்மத்தை வடிக்க அடியில் இருப்பது வடிமரை.

அன்புடன்,
கையேட்டை மொழிபெயர்ப்பவர்

———

புலவரின் மறுமொழி:

அன்புள்ள தம்பி,

வளியை ஏற்றதற்கு மகிழ்ச்சி. ஆனால் 'அகற்றல்' எனக்கு உடன்பாடன்று. பழைய வழக்கில் அதற்கு விரித்தல் என்ற பொருளும் உண்டு என்பது ஒருபுறமிருக்க, நீங்களே விவரித்த வேலையைப் பாருங்கள். அங்கே யாரும் வளியைப் பிடித்து அகற்றவில்லை. முனையைத் தூக்கித் திருகாணியைத் தளர்த்தினால் அது தானே மேலேறிப் போகிறது; நாம் வழிவிடுகிறோம். 'வளிபோக்கு' என்பதே அந்தச் செயலின் பெயர். வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டதால் அச்சைத் தடுக்கமாட்டேன். என் மறுப்பு மட்டும் இங்கே பதிவாக இருக்கட்டும். அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.