கேட்டலிஸ்ட் கேன் உப்பியிருக்கிறது, ரெசினும் வாளியிலேயே இறுகிவிடுகிறது: உதவி தேவை

கேள்வி: படகு கட்டுபவர், கடலூர் மாவட்டம்

வணக்கம். ஐந்து ஆட்களை வைத்துக்கொண்டு மீன்பிடி ஃபைபர் படகுகள் கட்டி வருகிறேன். பாலியெஸ்டர் ரெசினில், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் கரைசலை முதலில் கலந்து வைத்துவிட்டு, மேட் எனும் கண்ணாடி இழை விரிப்பைப் போடும் நேரத்தில், ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டை, அதாவது மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடை, ஊற்றிக் கலக்குவது எங்கள் வழக்கம். 5 கிலோ ரெசினுக்கு 100 மில்லி கேட்டலிஸ்ட் என்பது கணக்கு. மார்கழியில் இந்தக் கலவை இறுக 40 நிமிடம் ஆனது. கத்திரி வெயில் தொடங்கிய பிறகு, சென்ற வாரம் அதே கலவை 6 நிமிடத்தில் கட்டியாகி, புகை கிளம்பி, பிளாஸ்டிக் வாளியின் அடியையே இளக்கிவிட்டது.

இன்னொன்று. 5 கிலோ கேட்டலிஸ்ட் கேன் பக்கவாட்டில் உப்பியிருக்கிறது. நேற்று மூடியைத் திருகியபோது சீறிக்கொண்டு காற்று வெளியேறியது. பாதிக்கு மேல் மீதமிருக்கும் அதைப் பயன்படுத்தலாமா?

மறுமொழி: ரெசின் தொழில்நுட்பப் பணியில் இருப்பவர்

வாளியைப் பிறகு பார்ப்போம்; கேன்தான் அவசரம். பெராக்சைடு தனக்குள்ளேயே சிதையும்போது வாயு உண்டாகிறது, அந்த வாயுதான் கேனை உப்பச் செய்கிறது. சிதைவு வெப்பத்தை வெளியிடும், அந்த வெப்பம் சிதைவை மேலும் விரைவுபடுத்தும். எனவே கேனை அசைக்காதீர்கள், மூடியை இறுக்காதீர்கள். கேன் சூடாக இருப்பது தெரிந்தாலோ, புகையோ கொதிப்போ காணப்பட்டாலோ, ஆட்களை உடனே வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழையுங்கள். குளிர்ந்தே இருந்தால், அருகில் எதையும் வைக்காமல், தூரத்திலிருந்து தண்ணீர் தெளித்து வெப்பம் ஏறாமல் பார்த்துக்கொண்டு, விற்றவரிடம் இன்றே சொல்லுங்கள். அந்தக் கேட்டலிஸ்ட்டை வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. சாக்கடையில் ஊற்றுவதும் கூடாது.

காரணம் தெரிய மூன்று விவரங்கள் வேண்டும். கேன் எங்கே இருந்தது? மூடி அதனுடன் வந்த மூடிதானா? இப்போது பயன்படுத்தும் ரெசின் டிரம் பழைய சரக்கா, புதியதா?

கேட்டவரின் பதில்

கேன் குளிர்ந்துதான் இருக்கிறது ஐயா, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டேன். தகரக் கூரைக்கு அடியிலுள்ள மேல்தட்டில் கோபால்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. பழைய மூடியில் ஊசித்துளை போல் ஒன்று இருந்து வாடை வந்ததால், பையன் ஒருவன் தண்ணீர் கேனின் மூடியைப் போட்டிருக்கிறான். ரெசின் டிரம் புதியது. முன்பு வந்த ரெசின் இளமஞ்சளாக இருக்கும், இது லேசாக இளஞ்சிவப்பாக இருக்கிறது.

மறுமொழி: ரெசின் தொழில்நுட்பப் பணியில் இருப்பவர்

இரண்டுக்கும் விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது. அந்த ஊசித்துளை பழுதன்று. வாயு வெளியேறுவதற்காகவே வைக்கப்பட்டது. நல்ல நிலையிலுள்ள பெராக்சைடிலிருந்தும் சிறிதளவு வாயு வந்துகொண்டேதான் இருக்கும், தகரக் கூரைச் சூட்டில் அது பன்மடங்காகும். சந்தையில் கிடைக்கும் வழக்கமான கரைசல்கள் 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே தாமாகச் சிதைந்து கட்டுமீறத் தொடங்கும்; 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்வது அதனால்தான்.

டிரம்மைப் பொறுத்தவரை, இளஞ்சிவப்பு நிறம் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே கோபால்ட் சேர்த்து வந்த ரெசினைக் காட்டும். சீட்டைப் படித்துப் பாருங்கள். அப்படியானால் நீங்கள் இரண்டாம் முறையாகக் கோபால்ட் சேர்த்திருக்கிறீர்கள். போதாக்குறைக்கு, கேட்டலிஸ்ட் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் 100 மில்லி என்பது 110 கிராமைத் தாண்டும், அதாவது ரெசின் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல். வெப்பம் 10 டிகிரி கூடினாலே இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இவை எல்லாம் சேர்ந்ததால் 6 நிமிடமாயிற்று.

தராசில் நிறுத்து, கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் வரை, சீட்டில் சொன்ன அளவில் சேருங்கள். வெயிலுக்குப் பயந்து 10 கிராமுக்குக் கீழே இறங்க வேண்டாம். மேலே இறுகியதுபோல் தோன்றினாலும் உள்ளே முழுமையாக இறுகாத படகு கடல்நீரில் கொப்புளம் காணும். நேரம் போதவில்லையென்றால் மெதுவாக இறுகும் கோடைக்கால ரெசினைக் கேட்டு வாங்குங்கள். வாளியில் திரண்டு நிற்கும் ரெசின் வெப்பத்தைத் தனக்குள் பூட்டிக்கொள்ளும் என்பதால், ஒரு நேரத்தில் 1 கிலோ அளவே கலந்து உடனே மோல்டில் பரப்புவது நல்லது.

மறுமொழி: தண்ணீர்த் தொட்டி செய்பவர்

நாங்கள் கேட்டலிஸ்ட்டில் அசிட்டோன் கலந்து நீர்க்க வைத்துக்கொள்வோம். சின்ன அளவையும் எளிதாக அளக்கலாம், நீங்களும் செய்து பாருங்கள்.

மறுமொழி: தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர்

தண்ணீர்த் தொட்டி நண்பரே, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அதை இன்றே நிறுத்துங்கள். இந்தப் பெராக்சைடுடன் அசிட்டோன் சேர்ந்தால் மிக எளிதில் வெடிக்கக்கூடிய பெராக்சைடுகள் உருவாகலாம். அளப்பதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சு போதும்.

படகுக்கார நண்பருக்கு: கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் ஒரே தட்டில் இருந்தது என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. ரெசினின் வழியாக அல்லாமல் இவை இரண்டும் நேரடியாகச் சந்தித்தால் தீயோ வெடிப்போ நிச்சயம் என்று எண்ணியே நடந்துகொள்ள வேண்டும். இரண்டையும் தனித்தனி இடத்தில், தனித்தனி அளவைக் குவளையோடு வையுங்கள். துரு, பித்தளை, செம்பு ஆகியவையும் சிதைவைத் தூண்டும். குவளையில் மீந்ததை ஒருபோதும் கேனுக்குள் திருப்பி ஊற்றாதீர்கள். சிந்தியதைத் துடைத்த துணியைத் தண்ணீரில் போடுங்கள். மூலையில் சுருட்டி வைத்த துணி தானாகவே பற்றிக்கொள்ளும்.

தீப்பொறி இல்லையே என்று நிம்மதி அடைய முடியாது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வெள்ளத்தில் டெக்சாஸ் மாநிலம் கிராஸ்பியில் இருந்த ஆர்க்கெமா ஆலையில் மின்சாரம் நின்று, குளிரூட்டி வைத்திருக்க வேண்டிய கரிமப் பெராக்சைடுகள் வெப்பமேறி, தாமாகவே எரிந்தன. உங்களுடையது குளிர்பதனம் தேவைப்படாத வகைதான், ஆனால் வெப்பத்தின் விதி அதற்கும் அதுவே.

பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் கேனைத் தொடக்கூடாது. நான் முன்பு பணியாற்றிய ஒரு பட்டறையில், ஒரு துளி தெறித்ததைக் கையால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்த இளைஞருக்கு ஒரு கண்ணின் பார்வை திரும்பவே இல்லை. தெறித்த நொடியிலேயே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவியபடி இருக்க வேண்டும், பிறகு மருத்துவமனை. குழாய் எட்டும் தூரத்தில்தான் கலக்குமிடம் இருக்க வேண்டும்.

கேட்டவரின் பதில், நான்கு நாட்களுக்குப் பின்

டிரம் சீட்டில் கோபால்ட் சேர்க்கப்பட்டது என்றே அச்சிட்டிருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. விற்றவர் ஆள் அனுப்பிக் கேனை எடுத்துச் சென்றுவிட்டார். இன்று காலை 7 மணிக்கு, கோபால்ட் சேர்க்காமல், 1 கிலோவுக்கு 12 கிராம் நிறுத்துக் கலந்தோம். 24 நிமிடத்தில் இறுகியது. புதிய கேன் வடக்குச் சுவரோரம் தரையில், நிழலில், அதன் சொந்த மூடியோடு இருக்கிறது. கோபால்ட் டப்பாவை எதிர்ப்பக்க அறைக்கு மாற்றிவிட்டேன். மூடி மாற்றிய பையனைத் திட்டவில்லை, துளை எதற்கென்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இப்போது மற்ற நால்வருக்கும் அவன்தான் சொல்லிக்கொடுக்கிறான்.