பிடி சார் மாறுதலில் போய்விட்டார், மகள் ஸ்பைக்ஸ் ஷூவைத் தொட மாட்டேன் என்கிறாள்

ஓமலூர் அம்மா:
வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு, அரசுப் பள்ளி. நீளம் தாண்டுதலில் 4.72 மீட்டர் வரை தாண்டியிருக்கிறாள். ஆறாவதில் கபடி ஆடிக்கொண்டிருந்தவளை மணல் குழிப் பக்கம் கூட்டி வந்தவர் அவளுடைய பிடி சார். இவள் ஓடத் தொடங்கும் இடத்தில் ஒரு ஓட்டுச் சில்லைப் புதைத்து வைத்திருப்பார். ஜூனில் அவருக்குத் தர்மபுரி பக்கம் மாறுதல். அதிலிருந்து இவள் மைதானத்துக்கே போவதில்லை. சேலத்தில் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் விசாரித்தோம். மாதம் 3,000 ரூபாயாம், ஆறு மாதத்தில் மாநிலப் பதக்கமாம். இவள் அப்பாவோ, படிப்பைப் பார்க்கட்டும் என்கிறார். யார் சொல்லிக் கொடுத்தால் என்ன, தாண்டப் போவது இவள்தானே என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:
அம்மா, 31 வருடம் பள்ளி மைதானத்தில் நின்றவன் நான். ஆறு மாதத்தில் பதக்கம் என்று சொல்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள். இந்த வயதில் உயரம் கூடும், முட்டிக்குக் கீழே வலி வரும். வலியோடு தாண்டவிட்டால் பிள்ளை அதோடு விளையாட்டை விட்டுவிடும். எங்கே சேர்த்தாலும் முதலில் ஒரு மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். தாண்டும் பலகையில் கால் எங்கே விழுகிறது என்று குனிந்து பார்க்கிறாரா, வலி இருக்கிறதா என்று கேட்கிறாரா? அது போதும்.

உங்கள் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தவர். அவரை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பியவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். அப்புறம் பெங்களூரில் சத்யநாராயணா கைக்குப் போனார். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர், தங்கம். முதல் ஆசிரியரோடு நின்றிருந்தால் அங்கே போயிருக்க முடியாது. அவர் இல்லையென்றால் கிளம்பியே இருக்க முடியாது.

எனக்கு உறுத்தும் ஒன்றையும் சொல்கிறேன். 2004இல் என்னிடம் ஒரு பையன், 400 மீட்டர். விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பாமல், இன்னும் ஒரு வருடம் என்னிடமே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் தேர்வு அன்று தொடை பிடித்துக்கொண்டது. இப்போது டைல்ஸ் கடையில் இருக்கிறான். என்னைப் பார்த்தால் இன்றும் எழுந்து நிற்பான். எனக்கு நெஞ்சை அடைக்கும்.

முன்னாள் விடுதி மாணவி:
அக்கா, நான் டிரிபிள் ஜம்ப். 15 வயதில் விடுதிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு ரூபாய் போனில் ஊர் பிடி சாரைக் கூப்பிடுவேன். அங்கே கோச் சொன்னதற்கு மாறாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சாப்பிட்டியா, தூங்கினியா, கணக்கில் எத்தனை மார்க், அவ்வளவுதான். கால் சுளுக்கி நான்கு மாதம் சும்மா உட்கார்ந்திருந்தபோது என்னைத் தாங்கியது அந்த போன்தான்.

சின்னப்பம்பட்டி நடராஜனை டென்னிஸ் பந்திலிருந்து சென்னை கிரிக்கெட்டுக்குக் கொண்டுபோனவர் அதே ஊர் ஜெயப்பிரகாஷ். 2015இல் பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று புகார் வந்து நடராஜன் ஒதுங்க வேண்டியிருந்தது. அப்போதும் அவர் கூடவே நின்றார். 2020 டிசம்பரில் நடராஜன் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்கு ஆடினார்.

சார் தர்மபுரியில்தானே இருக்கிறார்? மகளைப் பேசச் சொல்லுங்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதித் தேர்வு பற்றியும் அவரிடமே கேளுங்கள். சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் இலவசம்.

ஓமலூர் அம்மா:
நேற்று ராத்திரி பேசினாள். பத்து நிமிடம் அழுகைதான். சார் எடுத்ததும் கேட்டது, "எவ்வளவு வளர்ந்திருக்கே?" விடுதித் தேர்வுக்கு அவரே கூட வருகிறாராம். அதுவரை பள்ளிக் குழியிலேயே தாண்டட்டும், ஆனால் ஓடத் தொடங்கும் மார்க்கை மாற்ற வேண்டியிருக்கும் என்றார். காலையில் இவள் அப்பாவே டேப் எடுத்துக்கொண்டு வந்தார். ஓட்டுச் சில்லு அங்கேயேதான் இருந்தது. தோண்டி எடுத்து ஒன்றரை அடி பின்னால் புதைத்திருக்கிறோம்.